முப்பது வயதில் மருத்துவம் பயிலப் புகுந்த மேரி ஷார்லீப் அம்மையார்

ஒஸ்லோ நகருக்குக் கிழக்கே, ஸ்ட்ரோம்மனிலும் அதனை அடுத்த லோரன்ஸ்கூக், லில்லஸ்ட்ரோம் ஆகிய இடங்களிலும் வாழும் எம்மவர் குடும்பங்களிலே தாதியராகப் பணிபுரியும் பெண்கள் பலர் உளர். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் நோயாளர் விடுதிகளைப் பொறுப்பேற்று நடத்தியவர்கள், இங்கு வந்து மொழி கற்று, முதியோர் இல்லத்தில் உதவியாளராகத் தொடங்கி, நெடுநாட்களின் பின் மீண்டும் தாதி என்ற அங்கீகாரத்தைப் பெற்றவர்கள், இந்நாட்டிலேயே தாதியர் கல்வியை முடித்தவர்கள் என அவர்கள் பலதிறத்தினர். இவர்களுட் சிலர் எம்மிடம் கேட்பதுண்டு: நாற்பதை நெருங்கும் வயதில், பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, மருத்துவக் கல்விக்கு விண்ணப்பிப்பது அறிவுடைமையாகுமா?

விதிகளைப் பொறுத்தவரை விடை கடினமானதன்று. நோர்வேயில் மருத்துவக் கல்விக்கு மேல்வயதெல்லை இல்லை. ஆனால் கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகிய பாடங்களில் உயர்தரத் தேர்ச்சி வேண்டும். தாதியாகக் கழித்த ஆண்டுகள் எத்தனையாயினும் அவற்றுக்கெனத் தனிப் புள்ளிகள் கிடையா. அனுமதி கிடைத்தால் மேலும் ஆறாண்டுகள் படிக்க வேண்டும். கேட்கும் சகோதரிகள் இவற்றையெல்லாம் எம்மைவிட நன்கறிவர். இப்படியொரு பாதையில் எவரேனும் நடந்து கரைசேர்ந்தனரா என்பதே அவர்களது உண்மையான கேள்வி. அதற்கு விடையாக நாம் ஒருவரின் வரலாற்றைக் கூற விரும்புகிறோம். அவர் தமிழரல்லர். எனினும் அவரது வரலாற்றின் திருப்புமுனை நிகழ்ந்தது தமிழ் மண்ணிலே, சென்னைப் பட்டினத்திலே.

மேரி ஆன் டேக்கம் பேர்ட் 1845ஆம் ஆண்டு யூன் 18ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். பிறந்து சில நாட்களிலேயே தாயார் இறந்துவிட்டார். பாட்டன் பாட்டியாரின் கண்டிப்பான சமயப் பற்றுமிக்க இல்லத்தில் மான்செஸ்டரில் வளர்ந்தார். அக்கால ஆங்கிலேய நடுத்தர வகுப்புப் பெண்ணுக்குரிய பாடசாலைக் கல்வி அவருக்குக் கிடைத்தது. அதற்கு மேலே கற்பதற்குப் பெண்களுக்கு வழியிருக்கவில்லை. வில்லியம் ஷார்லீப் என்ற இளைஞர், சென்னையில் வழக்குரைஞராகத் தொழில் செய்யும் நோக்குடன் இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்தபோது இருவரும் சந்தித்தனர். 1865இன் இறுதியில் திருமணம் நடந்தது. 1866இல் இருவரும் சென்னை வந்து சேர்ந்தனர்.

சென்னையில் தொடக்க ஆண்டுகள் ஏனைய ஆங்கிலேயச் சீமாட்டிகளின் வாழ்வைப் போன்றே கழிந்திருக்கக் கூடும். ஆனால் அவர் கணவரின் சட்ட ஏடுகளைத் தொகுக்கும் பணியில் உதவிசெய்யத் தொடங்கினார். அந்தத் தொடர்பினாலே, கணவரின் அலுவலகத்தில் இருந்தோர் வாயிலாக, உள்ளூர்க் குடும்பங்களிலே பெண்கள் பிள்ளைப்பேற்றின்போது படும் துன்பங்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டார். கோஷா முறையில் வாழ்ந்த முஸ்லிம் பெண்களும் உயர்சாதி இந்துப் பெண்களும் ஆண் வைத்தியர் எவரையும் தம்மை அணுக விடார். அவர்களுக்குப் பரம்பரை மருத்துவிச்சியே துணை. சாதாரணப் பிரசவங்களை அம்மருத்துவிச்சிகள் திறம்படக் கவனித்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. எமது பாட்டிமார் எல்லோரையும் உலகுக்குக் கொண்டுவந்த கைகள் அவர்களுடையவையே. ஆனால் குழந்தை குறுக்கே கிடந்தால், உதிரம் நிற்காது போனால், காய்ச்சல் கண்டால், அதற்கப்பால் வழியில்லை. வைத்தியர் ஒரு தெரு தள்ளி இருப்பார், நோயாளி மரித்துப்போவாள்.

இதைக் கேள்விப்பட்ட ஷார்லீப் அம்மையார் முதலில் மருத்துவராக வேண்டுமென்று எண்ணவில்லை. மகப்பேற்றுப் பணியைக் கற்றுக்கொண்டால் போதும் என்றே நினைத்தார். சென்னையில் 1844இல் தொடங்கப்பட்ட அரசினர் மகப்பேற்று வைத்தியசாலை இருந்தது. அதுவே பின்னர் எழும்பூரில் புகழ்பெற்று விளங்கிய மகப்பேற்று மருத்துவமனை. மருத்துவிச்சிகளுக்கு முறையான பயிற்சியளிக்க 1854இலேயே சென்னையில் அரசு அனுமதி வழங்கியிருந்தது. அவ்வழியே அம்மையார் அங்கு சேர்ந்து ஓராண்டு பயின்றார். ஒரு வழக்குரைஞரின் மனைவி, குழந்தைகளின் தாய், பிரசவ விடுதியிலே மருத்துவிச்சி மாணவியாக நிற்பதை அவரது சமூகத்தார் எப்படிப் பார்த்திருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த ஓராண்டிலே அவருக்கு ஓர் உண்மை விளங்கியது. எம் சகோதரிகளிற் பலர் இதனைச் சொல்லாமலே அறிவர். நோயாளியின் அருகில் இரவு முழுவதும் நிற்பவர் தாதி. ஆனால் தீர்மானிக்கும் உரிமை வேறொருவருடையது. சென்னையில் அந்த வேறொருவரோ ஓர் ஆண். அவரை அழைக்க நோயாளியின் குடும்பம் இணங்காது. ஆகவே மருத்துவிச்சியின் பயிற்சி எங்கே முடிகிறதோ அங்கேதான் உயிராபத்து தொடங்கிற்று. அந்தக் கோட்டைத் தாண்டவேண்டுமானால் மருத்துவமே கற்க வேண்டும். பெண்களை ஏற்கும் மருத்துவக் கல்லூரி அப்போது இந்தியா எங்கும் இருக்கவில்லை.

பிரித்தானியாவின் நிலையும் நன்றாக இருக்கவில்லை. எடின்பரோவில் சோபியா ஜெக்ஸ்-பிளேக்கும் அவரது தோழியரும் மருத்துவம் கற்க முயன்றபோது, 1870இல் மாணவர் கூட்டம் அவர்கள்மீது சேற்றை வாரியெறிந்தது. இறுதியில் பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டம் தர மறுத்துவிட்டது. நாம் இன்று வாழும் இந்நாட்டிலோ, பல்கலைக்கழகத்துக்குத் தகுதி தரும் தேர்வை எழுதும் உரிமை பெண்களுக்கு 1882இலேதான் கிடைத்தது. அவ்வாண்டு செசீலியே தூரேசன் முதல் மாணவியாகச் சேர்ந்தார். நோர்வேயின் முதற் பெண் மருத்துவரான மரீ ஸ்போங்பெர்க் தேர்வில் சித்தியடைந்தது 1893இல். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கப்பட்டபோதிலும் அதன் கதவு பெண்களுக்குத் திறக்க 1892 வரை சென்றது. இவை எல்லாவற்றிற்கும் முன்னதாக, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது என்பதை எம்மவர் அதிகம் அறியார்.

அக்கதவு தானாகத் திறந்ததன்று. சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக அப்போது இருந்தவர் எட்வேர்ட் பல்போர். சென்னை அருங்காட்சியகத்தைத் தொடக்கிவைத்தவரும், இந்தியா பற்றிய பெருங்கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தவரும் அவரே. மகப்பேற்று மருத்துவம் பற்றிய ஆங்கில நூலொன்றைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளிற் பெயர்ப்பித்துத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டவர் என்பது எமக்கு இன்னும் நெருக்கமான செய்தி. மானிப்பாயிலே டொக்டர் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த காலமும் ஏறத்தாழ அதுவே. பெண்களுக்கு மருத்துவக் கல்வி வேண்டுமென்று பல்போர் அரசினை வலியுறுத்தினார். ஷார்லீப் அம்மையாரின் விண்ணப்பம் அவருக்குக் கையிற் கிடைத்த கருவியாயிற்று. ஆளுநர் ஹோபார்ட் பிரபுவின் அரசு இணங்கியது. 1875இல் நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப்பிற்கு அப்போது வயது முப்பது. மூன்று குழந்தைகளின் தாய்.

அந்நால்வருள் தமிழ்ப் பெண் ஒருத்தியேனும் இல்லை. யாருடைய துன்பத்தைக் காரணங்காட்டிக் கதவு திறக்கப்பட்டதோ, அவர்களுடைய மகளிர் அதில் நுழையச் சில காலம் சென்றது. அம்மையாருக்குக் கணவரின் வருமானம் இருந்தது, வீட்டில் வேலையாட்கள் இருந்தனர், ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் என்ற நிலையும் இருந்தது. புகலிடத்தில் இரவுப் பணி முடித்துவந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் ஒரு தாதிக்கு இவற்றுள் எதுவும் இல்லை. இதை மறைத்து அவரைப் போற்றுவது நேர்மையாகாது.

கல்லூரியிலே எல்லாப் பேராசிரியரும் அவர்களை மனமுவந்து வரவேற்றனர் என்றும் கூற முடியாது. மூன்றாண்டுகள் படிப்பு நடந்தது. அந்த மூன்றாண்டுகளும் எத்தகையவை என்பதைத் தமிழர் மறக்கவொண்ணாது. 1876இல் தொடங்கி 1878 வரை தென்னிந்தியாவை அழித்த தாது வருடப் பஞ்சத்தின் காலம் அது. உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து பட்டினியோடு வந்தோர் சென்னையின் தெருக்களையும் நிவாரண முகாம்களையும் நிறைத்தனர், கொள்ளைநோய் பின்தொடர்ந்தது. சென்னையில் அவ்வேளை மருத்துவம் பயின்ற எவரும் அதைக் காணாதிருந்திருக்க முடியாது. 1878இல் அம்மையார் தகுதிச் சான்றிதழைப் பெற்றார்.

இத்துடன் அவர் நிறுத்தியிருக்கலாம். சென்னையில் தொழில் செய்ய அச்சான்றிதழ் போதும். ஆனால் அது பட்டமன்று என்பதும், தாம் கற்றதில் இடைவெளிகள் உண்டு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. உடல்நலமும் குன்றியிருந்தது. அவ்வாண்டே, கணவர் சென்னையில் தொழிலைத் தொடர்ந்திருக்க, அவர் பிள்ளைகளுடன் இலண்டன் திரும்பினார்.

இலண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரி 1874இல் நிறுவப்பட்டிருந்தது. 1877 முதல் றோயல் பிறீ வைத்தியசாலை அதன் மாணவியருக்கு நோயாளர் விடுதிகளைத் திறந்துவிட்டது. அக்கல்லூரியின் தூண்களில் ஒருவர் எலிசபெத் காரெட் அண்டர்சன். அவருடைய கதையையும் ஓரிரு வரிகளிற் சொல்லியாக வேண்டும். அவரும் 1860இல் மிடில்செக்ஸ் வைத்தியசாலையிலே முதலில் தாதியாக நின்றே மருத்துவத்தை எட்டிப்பார்த்தவர். கல்லூரிகள் ஏற்க மறுத்தன. மருந்தாளர் சங்கத்தின் விதியில் பெண்கள் கூடாதென்று எழுதப்படாதிருந்த ஓட்டையினூடாக 1865இல் உரிமம் பெற்றார். உடனே அச்சங்கம் வேறு பெண்கள் அவ்வழியே வராதபடி விதியை மாற்றிற்று. 1870இல் பாரிஸில் மருத்துவப் பட்டமும் பெற்றார். தாதியின் உடையிலிருந்து மருத்துவரின் நாற்காலிக்கு எத்தனை படிகள் என்பதை அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

1878இல் இலண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டங்கள் யாவற்றையும் பெண்களுக்குத் திறந்தது. அப்பட்டத்திற்குப் படிப்பதாயின் மெற்றிக்குலேசன் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். மருத்துவமே கற்று முடித்து, மகப்பேறுகளை நடத்திய அனுபவமும் உடைய முப்பத்துமூன்று வயதுப் பெண், பாடசாலை மாணவர் எழுதும் பொதுத் தேர்வுக்கு உட்கார வேண்டியதாயிற்று. அதன்பின் அடிப்படை விஞ்ஞானத் தேர்வு, அதன்பின் மீண்டும் உடற்கூறு, உடற்றொழில், மருந்தியல். தாய்நாட்டுச் சான்றிதழ்களை உறையிலிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறியிறங்கி, கடைசியில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கிலிருந்து ஆரம்பிக்குமாறு சொல்லப்பட்டவர்கள் எம்மிடையே எத்தனையோ பேர். அம்மையார் மானக்கேடு என்று அதைத் தள்ளவில்லை. அவரது வாழ்வில் எமக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுவது பின்னர் வந்த பட்டமும் விருதும் அல்ல, இந்த நான்காண்டுகளே. குடும்பமோ இரண்டு கண்டங்களிற் பிரிந்து கிடந்தது. சென்னையிலிருந்து கடிதம் வந்துசேர வாரக் கணக்காகும்.

1882 நவம்பரில் மருத்துவம், சத்திரசிகிச்சை ஆகிய இரு பட்டங்களையும் சிறப்புத் தேர்ச்சியுடன் பெற்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டத்தை முதன்முதலிற் பெற்ற பெண்கள் இவரும் ஈடித் ஷோவ் என்பவருமே. மகப்பேற்று மருத்துவத்தில் பொற்பதக்கமும் புலமைப்பரிசிலும் ஷார்லீப் அம்மையாருக்கே கிடைத்தன. ஆண்களும் போட்டியிட்ட தேர்வு அது. மருத்துவிச்சியாக விடுதியிலே கழித்த அந்த ஓராண்டுக்கு விண்ணப்பப் படிவத்தில் எவரும் புள்ளி வழங்கவில்லை. ஆனால் தேர்வு மண்டபத்தில் அது வீண்போகவில்லை என்று கருத நியாயமுண்டு. அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. மேற்பயிற்சிக்காக வியன்னா சென்றார். சென்னை திரும்புமுன் விக்டோரியா மகாராணியார் அவரை வின்ட்சர் மாளிகைக்கு அழைத்து, இந்தியப் பெண்களின் நிலையைக் கேட்டறிந்தார்.

1883இல் மீண்டும் சென்னை. முன்பு தாம் மாணவியாக நின்ற மருத்துவக் கல்லூரியிலேயே மகப்பேறு, பெண்நோய் ஆகிய பாடங்களின் விரிவுரையாளரானார். கோஷாப் பெண்களின் இல்லங்களுக்குச் சென்று மருத்துவம் பார்த்தார். ஆயினும் வீட்டுக்கு வீடு செல்வதால் மட்டும் தீரும் பிரச்சினையாக அது இருக்கவில்லை. சத்திரசிகிச்சை செய்ய மேசையும் விளக்கும் தாதியரும் வேண்டும். அவை உள்ள இடத்துக்கு அப்பெண்கள் வர வேண்டும். வருவதாயின் ஆண்கள் நுழையாத இடமாக அது இருத்தல் வேண்டும். இவ்வாறு உருவானதே 1885இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய விக்டோரியா சாதி கோஷா வைத்தியசாலை. வெங்கடகிரி அரசரின் ஓரிலட்சம் ரூபா நன்கொடையுடன் அது 1890இல் சேப்பாக்கத்துக்கு மாறிற்று. சாதியின் பெயரையே வாயிற்பலகையிற் தாங்கிய வைத்தியசாலை இன்று எம் கண்ணை உறுத்தவே செய்யும். அக்கால வழக்கங்களை எதிர்க்காது, அவற்றுக்கு இணங்கிப்போய் உயிர்காக்கும் வழியை அம்மையார் தெரிந்துகொண்டார். சுதந்திரத்தின் பின் கஸ்தூரிபா காந்தி வைத்தியசாலை என்று பெயர் மாற்றப்பட்டது. திருவல்லிக்கேணி மக்களோ அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைத்து வந்தனர்.

கதவு திறந்த பின் பிறர் வரலாயினர். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களை ஏற்க மறுத்தபோது, 1882இல் அபலா தாஸ் என்ற வங்காளப் பெண் மருத்துவம் பயிலச் சென்னைக்கே வந்தார். பின்னாளில் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் துணைவியாரானவர் அவர். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற வரலாற்றை எம் வாசகர் நன்கறிவர்.

சென்னையின் வெப்பம் ஷார்லீப் அம்மையாரின் உடலை மீண்டும் வாட்டியது. 1887இல் அவர் இலண்டனுக்கே திரும்பினார். 1891இல் கணவர் காலமானார். பெரும் வயிற்றுச் சத்திரசிகிச்சைகளில் அவர் கைதேர்ந்தது நாற்பது வயதைக் கடந்த பின்னரே. காரெட் அண்டர்சன் 1892இல் ஓய்வுபெற்றபோது பெண்களுக்கான புதிய வைத்தியசாலையின் தலைமைச் சத்திரசிகிச்சையாளர் பொறுப்பு இவரிடம் வந்தது. 1902இல், ஐம்பத்தேழு வயதில், றோயல் பிறீ வைத்தியசாலையின் பெண்நோய் நிபுணராக நியமிக்கப்பட்டார். மாணவியாக அவர் வலம்வந்த அதே விடுதிகள். 1913இல் பாலியல் நோய்கள் பற்றி ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழுவில் உறுப்பினராக இருந்தார். பிற்காலத்தில் அவர் கூறிய யாவற்றையும் நாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. சமயப் பற்றின் வழிநின்று கருத்தடையைக் கடுமையாக எதிர்த்தார்; தொடர்ந்து பிள்ளைபெற்று நலிந்த பெண்களை ஆயுள் முழுவதும் பார்த்தவர் அவ்வாறு எண்ணியது எமக்கு வியப்பையே தருகிறது.

1924இல் தம் நினைவுக் குறிப்புகளை நூலாக வெளியிட்டார். 1926இல் பிரித்தானிய அரசின் டேம் என்னும் உயர் விருது வழங்கப்பெற்றார். 1930ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், எண்பத்தைந்தாவது வயதில் இலண்டனில் காலமானார். அவர் படித்த பெண்கள் மருத்துவக் கல்லூரி 1947இல் ஆண்களையும் சேர்க்கத் தொடங்கிற்று.